கல்லூரிப் பேரைச் சொல்வதற்கு முன்னால்

போன ஜூலையில் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா கேட்டார், "ஏட்டி, நீ அங்க என்ன வேலதான் பாக்க?" காலேஜ் கவுன்சிலிங் என்றேன். "அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங் மாதிரியா? அங்கயும் ரேங்க் லிஸ்ட் போடுவாவளா?" அப்படி இல்லை பெரியம்மா என்று விளக்க ஆரம்பித்தேன், அதற்குள் யாரோ வாசலில் வந்துவிட்டார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது, அது கொஞ்சம் தள்ளி வரும்.

நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் சீட் ஒதுக்குவது. கட்-ஆஃப், ரேங்க், எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, அவ்வளவுதான். 2018-லிருந்து பொறியியல் கவுன்சிலிங் எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது. நான் போன 2000-ஆம் வருஷம் நேரில் கிண்டிக்குப் போக வேண்டும், நுழைவுத் தேர்வு இருந்த காலம், கட்-ஆஃப் 300-க்குப் போடுவார்கள். திருநெல்வேலியிலிருந்து நானும் அப்பாவும் நெல்லை எக்ஸ்பிரஸில் போனோம். விழுப்புரம் தாண்டி விடிந்த பிறகு, அப்பா முந்தின நாள் தினத்தந்தியை மடியில் விரித்து, ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில் பேனாவால் மூன்று கோடு இழுத்தார். கவர்ன்மென்ட், ஃப்ரீ சீட், பேமென்ட் சீட். ஒவ்வொன்றின் கீழும் வருஷத்துக்கு ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் எவ்வளவு என்று எழுதிக் கூட்டினார். கூட்டி முடித்து இரண்டாவது கோட்டுக்கு அடியில் அழுத்தி இன்னொரு கோடு போட்டார். "இது வரைக்கும் அப்பாவால முடியும்மா. இதுக்கு மேல கடன் வாங்கணும், அது வேண்டாம், உனக்குப் பின்னால தங்கச்சி இருக்கா." அவ்வளவுதான் பேச்சு. எனக்கு 17 வயது. அழவில்லை, வருத்தப்படவும் இல்லை, எல்லை எங்கே என்று தெரிந்ததில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

உள்ளே பெரிய திரையில் கல்லூரி கல்லூரியாக மீதி இடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்களுக்கு முன்னால் போன ஒரு குடும்பம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு அம்மா ஒன்று சொல்ல, மாமா ஒன்று சொல்ல, பையன் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் இருந்தான். எங்கள் முறை வந்து சில நிமிஷத்தில் முடிந்தது. பேப்பர் ஓரத்தில் எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்ததே.

இந்த ரயில் கதையை நான் பல வருஷம் மறந்திருந்தேன். மறந்ததற்கு ஒரு பையன் விலை கொடுத்தான். அதைச் சொல்வதற்கு முன்னால், நான் இங்கே செய்வது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

பாஸ்டனுக்கு வெளியே ஒரு இன்டிபென்டன்ட் ஸ்கூலில் காலேஜ் கவுன்சிலிங் துறைக்குத் தலைவராக இருக்கிறேன். இன்டிபென்டன்ட் என்றால் அரசுப் பணமோ மறைமாவட்ட நிர்வாகமோ இல்லாமல், தனக்கென்று ஒரு அறங்காவலர் குழுவை வைத்துக்கொண்டு, கட்டணத்திலும் நன்கொடையிலும் ஓடுகிற தனியார் பள்ளி. முதலில் அங்கே கணக்கு டீச்சர். 2012-இல் கவுன்சிலிங் அறைக்கு வந்தேன், 2017-இல் பொறுப்பு என்னிடம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 96 பிள்ளைகள், எங்களில் மூன்று கவுன்சிலர், டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பட்டியல், அனுப்புவதற்கென்று ஒருவர். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் ஒரு கவுன்சிலருக்கு 250 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது, நாடு முழுக்க எடுத்தால் நடைமுறையில் சராசரி 350-க்கும் மேல், அதிலும் அரசுப் பள்ளிக் கவுன்சிலருக்குக் கல்லூரி என்பது பத்து வேலையில் ஒரு வேலை. எனக்கு முப்பது பிள்ளைகள், ஒரே வேலை. இந்த வசதி எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும், அதை வீணடிக்கக்கூடாது என்ற பயமும் உண்டு.

இங்கே ரேங்க் லிஸ்ட் கிடையாது, ஒரே திரையும் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக எடுக்கிற முடிவு. காமன் ஆப் என்று ஒரு பொது விண்ணப்பம் இருக்கிறது, 1975-இல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கியது, இப்போது ஆயிரத்துக்கும் மேல். ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். பிள்ளை 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும், பத்துச் செயல்பாடுகள் வரை சொல்லலாம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை வரி இடம்தான். ஆசிரியர்கள் கடிதம் கொடுப்பார்கள். பள்ளியின் பங்கு டிரான்ஸ்கிரிப்ட், பள்ளியைப் பற்றிய அறிமுகத் தாள், அப்புறம் கவுன்சிலர் எழுதும் கடிதம். நவம்பர் 1-இல் முன்கூட்டி விண்ணப்பிப்பவர்களுக்குக் கடைசி நாள், டிசம்பர் நடுவில் அவர்களுக்கு முடிவு, ஜனவரி முதல் வாரத்தில் மற்றவர்களுக்குக் கடைசி நாள், மார்ச் கடைசியில் பெரிய கல்லூரிகளின் முடிவு, மே 1-க்குள் ஏதாவது ஒன்றுக்கு முன்பணம் கட்டிச் சேர வேண்டும்.

இதற்கு நடுவில் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கொரோனா வந்த 2020-இல் பெரும்பாலான கல்லூரிகள் எஸ்ஏடி நுழைவுத் தேர்வு கட்டாயம் இல்லை என்றன. 2022-இல் எம்ஐடி மறுபடி கேட்டது, 2024-இல் டார்ட்மத், ஹார்வர்ட் எல்லாம் பின்னாலேயே வந்தன. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. அந்த வருஷமே அரசு நிதி உதவிக்கான ஃபாஃப்ஸா படிவம், வழக்கமாக அக்டோபரில் திறப்பது, புதிதாக மாற்றப்பட்டு டிசம்பர் கடைசியில்தான் வந்தது. கல்லூரிகளுக்கு விவரம் மார்ச்சில் போய்ச் சேர ஆரம்பித்தது, பல கல்லூரிகள் மே 1-ஐத் தள்ளிப்போட்டன. இதையெல்லாம் படித்து, எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பொருந்தும் என்று பிரித்துச் சொல்வது தலைவரின் வேலையில் ஒரு பகுதி. சுலபமான பகுதி.

சரி, அந்தப் பையன்.

நான் பொறுப்பேற்ற இரண்டாவது வருஷம், 2018. தமிழ்க் குடும்பம். மூன்று வயதில் சென்னையிலிருந்து வந்த பையன், பேச்சு, நடை, நகைச்சுவை எல்லாம் இங்கேயே பிறந்த பிள்ளை மாதிரி. பிசிக்ஸில் உண்மையான ஆர்வம். மதிய இடைவேளையில் லேபில் அவன் கட்டிவைத்த ஊசல் ஒன்று மேல்மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை தொங்கிக்கொண்டிருக்கும், அதன் ஆட்டத்தை நோட்டில் குறித்துக்கொண்டே சாண்ட்விச் சாப்பிடுவான். அவனுக்கு ஒரு கல்லூரி பிடித்துப் போயிற்று. அங்கே எர்லி டிசிஷன் போட்டான். எர்லி டிசிஷன் என்றால் கட்டாய ஒப்பந்தம், கிடைத்தால் அங்கேதான் சேருவேன், மற்ற விண்ணப்பங்களை விலக்கிக்கொள்வேன் என்று பிள்ளை, பெற்றோர், கவுன்சிலர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டேன்.

பணத்துக்கு அவர்கள் ஒன்றும் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு கல்லூரி இணையதளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்று ஒன்று இருக்கும், 2011-லிருந்து அது சட்டப்படி இருக்க வேண்டியது. குடும்ப வருமானம், சேமிப்பு எல்லாம் போட்டால் உங்களுக்கு வருஷத்துக்கு சுமார் எவ்வளவு ஆகும் என்று சொல்லும். அப்பா போட்டுப் பார்த்திருக்கிறார், 31,000 டாலர் என்று வந்திருக்கிறது, கஷ்டப்பட்டு முடியும் என்று முடிவு செய்திருக்கிறார்.

டிசம்பரில் இடம் கிடைத்தது. உதவி சுத்தமாக இல்லை. முழுத் தொகை, 72,000 டாலருக்கு மேல்.

காரணம் ஒரே வரி. பையன் ஹெச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் பிள்ளை என்ற பெயரில், இருந்தான். அப்பா ஹெச்-1பி வேலை விசாவில், கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தார். சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு இல்லாத பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரி தேவை அடிப்படையிலான உதவி தருவதில்லை. கால்குலேட்டர் அவனை உள்நாட்டுப் பிள்ளை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறது, கால்குலேட்டர்கள் பெரும்பாலும் அப்படித்தான். கல்லூரியின் நிதி உதவிப் பக்கத்தில் அந்த வரி இருந்தது. நான் படிக்கவில்லை, படிக்கத் தேவை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அவன் என்ன விசாவில் இருக்கிறான் என்று நான் கேட்கவே இல்லை. எங்கள் பள்ளியிலேயே அவனுக்குக் கட்டணச் சலுகை இருந்ததும் எனக்குத் தெரியாது, அந்த விவரம் வேறு அலுவலகத்தில் ரகசியமாக இருந்தது.

ஏன் கேட்கவில்லை? இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். நம்மாட்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் பத்து நிமிஷத்தில் வந்துவிடும் கேள்வி அது, "உங்களுக்கு கிரீன் கார்டு வந்துருச்சா?" சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்போம். ஆனால் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும் அது அநாகரிகம் என்று எனக்குப் பட்டுவிட்டது. வருமானத்தைக் கேட்பதும் அப்படித்தான். ஒரு தனியார் பள்ளியில், அழகான மர மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, ஒரு அப்பாவிடம் உங்களால் எவ்வளவு முடியும் என்று கேட்டால் அவரைக் குறைத்துப் பேசுவதாக ஆகிவிடுமோ என்ற கூச்சம். தமிழர் என்பதால் அந்தக் கூச்சம் இன்னும் கூடுதலாகவே இருந்தது.

அவரும் அவர் மனைவியும் என் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கோபப்படவில்லை. அவர் ரொம்ப மெதுவாகச் சொன்னார், "மேடம், நீங்க கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்." அந்த நிமிஷம்தான் எனக்கு தினத்தந்தியின் ஓரம் ஞாபகம் வந்தது.

பண விஷயத்தில் கட்டுபடியாகாவிட்டால் எர்லி டிசிஷனிலிருந்து விலகலாம், அதற்கு இடம் உண்டு. நான் அந்தக் கல்லூரிக்கு போன் செய்து விளக்கினேன், விடுவித்தார்கள். ஜனவரி கடைசித் தேதிகளுக்கு இரண்டு வாரம்கூட முழுசாக இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க அவன் எழுதினான், நான் படித்தேன், ஒன்பது இடங்களுக்குப் போட்டோம். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹானர்ஸ் கல்லூரியில் மெரிட் ஸ்காலர்ஷிப்போடு, அதாவது வருமானத்தைப் பார்க்காமல் படிப்புக்காகத் தரும் உதவியோடு, சேர்ந்தான். நன்றாகப் படித்தான். ஆனால் பிடித்த இடத்தில் இடம் கிடைத்து, இரண்டு நாள் சந்தோஷப்பட்டு, மூன்றாம் நாள் பறிகொடுத்த 17 வயதுப் பையனின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மார்ச் 12 அன்று இதே பாஸ்டனில் அரசு வழக்கறிஞர்கள் அந்தக் கல்லூரிச் சேர்க்கை லஞ்ச வழக்கை வெளியிட்டார்கள். வசதியான பெற்றோர் பொய் மதிப்பெண்ணும் பொய் விளையாட்டுச் சான்றும் வாங்கிப் பிள்ளைகளைச் சேர்த்த கதை, 50 பேர் மீது குற்றச்சாட்டு. ஒரு மாதம் எங்கே போனாலும் அதே பேச்சு. எங்கள் பள்ளியிலும் ஏதாவது சோதனை முறை கொண்டுவர வேண்டுமா என்று கூட்டம் போட்டோம், தேவையானதைச் செய்தோம். ஆனால் என் மனசு முழுக்க வேறு இடத்தில் இருந்தது. எங்கள் பள்ளியில் யாரும் லஞ்சம் கொடுக்கவில்லை, ஒரு சாதாரணக் கேள்வியை யாரும் கேட்காததால் ஒரு பிள்ளை அடிபட்டான்.

அதற்குப் பிறகு மஞ்சள் தாள் வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் ஜனவரியில் நடக்கும், கல்லூரி விஷயம் அதிகாரப்பூர்வமாகத் தொடங்குவது அங்கேதான் (ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டு வருபவர்களைப் பிள்ளையை விளையாட விடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன்). அதில் எந்தக் கல்லூரியின் பேரையும் சொல்வதற்கு முன்னால் ஒரு மஞ்சள் தாளும் ஒரு உறையும் கொடுக்கிறோம். நாலு கேள்வி. வருஷத்துக்கு உங்களால் எவ்வளவு கொடுக்க முடியும். இந்தப் பிள்ளைக்குப் பின்னால் எத்தனை பேர் கல்லூரிக்குப் போக வேண்டும். பெற்றோர் பிரிந்திருந்தால் இருவரின் விவரமும் கிடைக்குமா, ஏனென்றால் பல தனியார் கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவம் இரண்டு வீட்டு வருமானத்தையும் கேட்கும். பிள்ளை சிட்டிசனா, கிரீன் கார்டா, விசாவா, விசா என்றால் 21 வயது எப்போது முடிகிறது. உறையை ஒட்டி உங்கள் கவுன்சிலரிடம் மட்டும் கொடுங்கள், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

எதிர்ப்பு இருந்தது. எங்கள் பெற்றோர் மனம் புண்படும் என்று அறங்காவலர் குழுவில் ஒருவர் சொன்னார். என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கே, இது நம் வேலையில்லையே என்ற தயக்கம். தலைமையாசிரியர் ஒரு வருஷம் செய்து பாருங்கள் என்றார். முதல் வருஷம் பாதிக்குக் கொஞ்சம் மேல் உறைகள் திரும்பி வந்தன, இப்போது ஒன்றிரண்டு தவிர எல்லாம் வந்துவிடுகிறது. புண்பட்டவர் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. முழுத் தொகையும் கொடுக்க முடிந்த ஒரு அப்பா, "கொடுப்பேன், ஆனா பேர் இருக்கிற காலேஜுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தார். ஏப்ரலில் வெடிக்க வேண்டிய சண்டை அது. ஜனவரியில் வந்ததால் பேசித் தீர்க்க நேரம் இருந்தது.

இப்போது நம்மாட்களுக்குச் சொல்ல வேண்டியது. உங்கள் பிள்ளை ஹெச்-4 என்றால், எவ்வளவு வருஷம் இங்கே இருந்திருந்தாலும் அரசின் ஃபாஃப்ஸா உதவிக்குத் தகுதி இல்லை. பல தனியார் கல்லூரிகள் நிதி உதவி விஷயத்தில் அவர்களை வெளிநாட்டுப் பிள்ளைகளோடு சேர்த்துத்தான் பார்க்கும், உதவி கேட்பதே சேர்க்கை முடிவைப் பாதிக்கலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போலச் சில இடங்களில் மட்டும் யாராக இருந்தாலும் பணத்தைப் பார்க்காமல் எடுத்து, தேவை முழுவதையும் கொடுக்கிறார்கள். டார்ட்மத்தும் போடனும் 2022-இல் இதில் சேர்ந்தன. அந்த இடங்கள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும், அவற்றை மட்டும் நம்பிப் பட்டியல் போட முடியாது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அதைப் பத்தாம் வகுப்பிலேயே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். மெரிட் ஸ்காலர்ஷிப் பல இடங்களில் குடியுரிமை பார்க்காமல் தருகிறார்கள், ஆனால் ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கும் ஐவி லீக் கல்லூரிகள் எட்டிலும் மெரிட் என்று எதுவுமே கிடையாது. 21 வயதானால் ஹெச்-4 முடிந்துவிடும், படிக்கும்போதே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். என் பையனுக்கு, ஆமாம் என் பையன் என்றுதான் வாய் வருகிறது, மூன்றாவது வருஷம் அது நடந்தது. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கும்வரை இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை இப்படித்தான் நகரும், பிள்ளைகளின் வயது அதற்காக நிற்காது. கவுன்சிலர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே முதல் சந்திப்பில் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் 400 பிள்ளைகளைப் பார்க்கும் கவுன்சிலருக்கு இந்த விவரம் தானாகத் தெரிய வழியே இல்லை.

பிள்ளைக்கும் சொல்லுங்கள். இதில்தான் நம்மாட்கள் சறுக்குகிறோம். "அவன் மனசு ஒடைஞ்சிரும் மேடம், அவன்கிட்ட காசு பத்திப் பேச வேண்டாம்" என்று எத்தனையோ அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்குப் பல தனியார் கல்லூரிகளில் ஒரு வருஷச் செலவு 90,000 டாலரைத் தாண்டிவிட்டது, நாலு வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். அவ்வளவு பெரிய முடிவை ஒரு பிள்ளையின் பெயரில் எடுத்துவிட்டு அந்தப் பிள்ளைக்கே கணக்கைக் காட்டாமல் இருப்பது சரியில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா உறையை வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. தனியாகப் பெண்ணை வளர்ப்பவர், முடி வெட்டும் கடையில் வேலை. என் மேஜையிலேயே தாளை வாங்கி, பேனாவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, 14,000 என்று எழுதினார். பெண் பக்கத்து நாற்காலியில். தாள் பக்கவாட்டில் இருந்தது, கழுத்தைச் சாய்த்துப் படித்தாள். "அவ்வளவா? உங்களால அவ்வளவு முடியுமா?" என்று கேட்டாள். குறைவு என்று நினைப்பாளோ என்று அந்த அம்மா பயந்திருந்தார், பெண்ணுக்கோ அது அம்மா எத்தனை சனிக்கிழமை நின்றுகொண்டே சம்பாதித்தது என்று தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு பட்டியல் போடுவது எவ்வளவு சுலபமாகிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தேவை முழுவதையும் கொடுக்கிற சின்னக் கல்லூரிகள் ஆறு, நல்ல மெரிட் தருகிறவை மூன்று, மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று. மூன்று பேரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசினோம்.

அந்தப் பெண்ணுக்கு ஆகஸ்டில் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கவுன்சிலர் கடிதம் என்பது மதிப்பெண்ணையும் செயல்பாடுகளையும் திரும்பச் சொல்வதற்கு இல்லை, அதெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. இந்தப் பிள்ளை ஒரு இடத்தில் இருந்தால் அந்த இடம் எப்படி இருக்கும் என்று, அவளைப் பார்த்தே இராத ஒருவருக்குச் சில நிமிஷத்தில் தெரிய வேண்டும். ஆசிரியர்களின் குறிப்புகளில் "பொறுப்பானவள்" என்று ஐந்து இடத்தில் இருந்தது. அந்த வார்த்தையை வைத்து ஒன்றும் எழுத முடியாது, பாதிப் பிள்ளைகளுக்கு அதையே எழுதுவார்கள். நல்லவேளை, முந்தின வசந்த காலத்தில் பள்ளி நாடகத்தின்போது நான் அவள் பக்கத்தில் போய் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். அவள் ஸ்டேஜ் மேனேஜர், ஒளியும் ஒலியும் எப்போது மாற வேண்டும் என்று சொல்பவள். அரங்கின் பின்பக்கம் இருட்டில் ஒரு சின்ன நீல விளக்கு, முன்னால் தடித்த கோப்பு, ஒளிக்கு மஞ்சள் சீட்டு, ஒலிக்குப் பச்சைச் சீட்டு என்று பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தாள். காதில் ஹெட்செட். "ஸ்டேண்ட்பை லைட் 42" என்று சொல்லிவிட்டு மேடையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், நடிகர் மூச்சு விடும் இடத்தில் "கோ" என்பாள். இரண்டாம் பாகத்தில் ஒரு பையன் வசனத்தில் ஒரு பக்கத்தையே தாண்டிவிட்டான். அவள் குரல் மாறவில்லை. பக்கத்தைப் புரட்டி, இடையில் இருந்த ஒன்பது மாற்றங்களையும் விட்டுவிட்டு, "லைட் 51-க்குப் போறோம், எல்லாரும் மூச்சு விடுங்க" என்றாள். பார்வையாளர் யாருக்கும் தெரியவில்லை. நாடகம் முடிந்ததும் அந்தப் பையனிடம் போய் அவள் சொன்னது, "நீ தாண்டினது நல்லதுதான், அந்த சீன் எப்பவும் இழுக்கும்."

இதைத்தான் எழுதினேன், கூட ஒரு பத்தி அவள் கணக்குப் பாடத்தைப் பற்றி. எழுத நாலு மணி நேரம் ஆயிற்று. முப்பது பிள்ளைக்கு முப்பது கடிதம், ஆகஸ்டும் செப்டம்பரும் அதிலேயே போகும். ஒரு தலைவராக நான் என் குழுவுக்காகச் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த நேரத்துக்குத்தான். அந்த இரண்டு மாதம் எங்களை வேறு குழுக்களில் போடாதீர்கள், சாயங்காலம் ஒரு நாடகத்துக்கோ ஓட்டப் பந்தயத்துக்கோ கவுன்சிலர் போய் உட்கார்ந்தால் அதையும் வேலை நேரமாக எண்ணுங்கள் என்று. உட்கார்ந்து பார்க்காமல் எழுதிய கடிதம் உடனே தெரிந்துவிடும்.

அவள் ஆறு சின்னக் கல்லூரிகளில் ஒன்றில் இருக்கிறாள். அம்மா எழுதிய தொகையை விடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது.

வருஷா வருஷம் ஜூனில் அறங்காவலர் குழு முன்னால் நிற்க வேண்டும். "இந்த வருஷம் ஐவிக்கு எத்தனை பேர்?" என்று முதல் கேள்வி வரும். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், புதிதாகச் சேர வரும் பெற்றோர் அதைத்தான் அவர்களிடம் கேட்கிறார்கள். நான் சேர்ந்த கல்லூரிகளை அகர வரிசையில் மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுக்கிறேன், எந்தக் கல்லூரிக்கு எத்தனை பேர் என்று போடுவதில்லை. அதோடு இன்னொரு பக்கம் சேர்க்கிறேன், ஜனவரியில் குடும்பம் எழுதிய தொகைக்குள்ளேயே எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், போன வருஷம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருஷத்துக்குப் போனார்கள் என்று. பெயர் எதுவும் இருக்காது. முதல் தடவை அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. போன ஜூனில் ஒருவர் அதை முதலில் திருப்பினார்.

அடுத்த கூட்டத்துக்கு மஞ்சள் தாள் நூறு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஐந்தாவதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: "இந்தத் தொகை உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?" பதில் இல்லை என்றால், என்னைப் பார்க்க வருவதற்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் எங்காவது காரில் கொஞ்ச தூரம் போய்விட்டு வரட்டும்.